ஐசியூவிலிருந்து மீண்ட பெரியவருக்கு முதல் வாய் கொடுப்பதற்கு முன்

அப்பா 12 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். வார்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அவர் முதலில் கேட்டது தண்ணீர். "நாக்கு வறண்டு போச்சும்மா, ஒரு வாய் தண்ணி குடு." யாரிடமும் கேட்காமல் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார். இருமவில்லை, புரையேறவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, நுரையீரலில் தொற்று என்றார்கள். அதற்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே வீடியோவில்தான் பார்த்தேன். அவர் விழுங்கிய நீரில் ஒரு பகுதி ஒவ்வொரு மிடறிலும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவரோ எதுவும் நடக்காதது போல அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு பெரியவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள். அந்த முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, இப்போது அந்த இடத்தில் நிற்பவருக்காக எழுதுகிறேன். உங்கள் பெரியவரை நேரில் சோதித்த சிகிச்சையாளர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தொண்டைக்குள் என்ன நடந்திருக்கிறது

உணவும் மூச்சும் தொண்டையில் ஒரே வழியில்தான் வருகின்றன. விழுங்கும் நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலே எழும்பி, குரல்நாண்கள் இறுக மூடி, உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே நொடிக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது. பல டஜன் தசைகள் ஒத்துப்போனால்தான் இது சரியாக நடக்கும்.

வென்டிலேட்டர் குழாய் வாய் வழியாகப் போய், அந்தக் குரல்நாண்களுக்கு நடுவே நுழைந்து நிற்கிறது. நாள் கணக்கில் அங்கேயே இருப்பதால் வீக்கம், புண், மரத்துப்போதல் எல்லாம் வரும். இரண்டு நாளுக்கு மேல் குழாய் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. போதாததற்குப் படுக்கையிலேயே கிடந்ததில் தசை வேகமாகக் கரைகிறது. 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையின் பருமன் 10 நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தொண்டையில் இருப்பதும் தசைதான். வயதானவருக்கு ஐசியூவுக்குப் போகும் முன்பே தசையில் சேமிப்பு குறைவு, எச்சிலும் குறைவு. மயக்க மருந்தின் மிச்சமும் ஐசியூ குழப்பமும் சேர்ந்துகொண்டால், வாயில் உணவு இருப்பதே அவருக்கு மறந்துபோகலாம்.

குழாய் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது? ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை பெரிதும் மாறுகிறது. எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்த வித்தியாசம் அது. எப்படிப் பார்த்தாலும் அரிதான சிக்கல் கிடையாது. பலருக்கு நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிறது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது.

நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. புரையேறி இருமினால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். தொண்டை மரத்துப்போனவருக்கு உள்ளே தப்பிப் போனதே தெரியாது, அதனால் இருமலும் வராது. இருமவில்லை என்பதை வைத்து மட்டும் "நல்லா விழுங்குறாரே" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

முதல் படி: மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேளுங்கள்

விழுங்குவதைச் சோதித்தீர்களா, யார் சோதித்தார், எப்படி என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த வேலைக்கென்று படித்தவர் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர். ஸ்பீச் தெரபிஸ்ட் என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். பேச்சுக்கு ஒன்றும் குறையில்லையே, அவர் எதற்கு என்று நினைக்க வேண்டாம். விழுங்குவதும் அவருடைய துறைதான்.

படுக்கை அருகே செய்யும் முதல் சோதனையில் சிறிது நீர் கொடுத்து இருமல், குரல் மாற்றம், மூச்சு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 90 மில்லி நீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லும் முறையும் உண்டு. இதை நீங்களாக வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் இரண்டு பெரிய பரிசோதனைகள் இருக்கின்றன. ஒன்றில் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த உணவையும் நீரையும் கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். மற்றதில் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பார்கள். இதைப் படுக்கையிலேயே செய்துவிடலாம். இருமலே இல்லாமல் உள்ளே இறங்குவதைக் கண்டுபிடிக்க இந்த இரண்டில் ஒன்று வேண்டும். அடிக்கடி சளி, காரணம் தெரியாத காய்ச்சல், மாறிப்போன குரல் என்று ஏதாவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் தாளில் "மிருதுவான உணவு" என்று இரண்டே சொல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உணவு எந்த நிலை, நீர் எந்த நிலை, எப்படி உட்கார வேண்டும், ஒரு வாய்க்கு எவ்வளவு, மாத்திரையை எப்படிக் கொடுப்பது, அடுத்த சோதனை எப்போது. இந்த ஆறுக்கும் பதிலை எழுதி வாங்குங்கள்.

இரண்டாம் படி: வாயைச் சுத்தம் செய்யுங்கள்

இதைச் சின்ன விஷயமாக நினைத்துத் தள்ளிவிடுகிறோம். என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். நலமாக இருப்பவர்களில் பலருக்கும் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் நுரையீரலுக்குள் போகும். அந்த எச்சிலில் என்ன கிருமி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நுரையீரல் தப்பிக்கிறது. மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு மூன்றையும் குறைந்தது காலையிலும் இரவிலும் துலக்குங்கள். சாப்பிட்டதும் கடைவாயைப் பார்த்து மிச்சத்தை எடுங்கள். பற்பசை கொஞ்சமாக இருக்கட்டும். அவரால் கொப்பளித்துத் துப்ப முடியாது என்றால், உட்கார வைத்து, ஈரமாக்கிப் பிழிந்த துணியால் துடைத்து எடுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். உடல் மெலிந்ததில் பல்செட் தளர்ந்திருக்கும். ஆடும் பல்செட்டோடு சாப்பிடுவது ஆபத்து.

குழாய் வழியாக மட்டுமே உணவு போகிறவருக்கும் இதெல்லாம் வேண்டும். அவர் வாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: விழிப்பும் உட்காரும் நிலையும்

கண் சொக்கிக்கொண்டிருந்தால் கொடுக்காதீர்கள். மருந்து நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் காத்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும், ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கேட்டால் ஒரு முறை இருமிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் ஸ்பூனை எடுக்க வேண்டும். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் போட்டுவிடுங்கள். தட்டு தெரிந்தால், நாம் சொல்வது காதில் விழுந்தால், விழுங்கும் வேலையும் நன்றாக நடக்கும்.

இடுப்பு நாற்காலியின் முதுகோடு ஒட்டி, முதுகு நிமிர்ந்து, பாதம் தரையிலோ பலகையிலோ பட்டு இருக்கட்டும். கட்டிலில்தான் முடியும் என்றால் தலைப்பக்கத்தை முடிந்த மட்டும் செங்குத்தாக உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சறுக்க மாட்டார். தலை பின்னால் சாயவே கூடாது. நாம் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்க்கிறார், மூச்சு வழி திறந்துகொள்கிறது. அதனால் அவர் கண் மட்டத்துக்கு நீங்கள் உட்காருங்கள். தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்வது ஒரு உத்தி. ஆனால் அது சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுதல் செய்யும். சோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

சாப்பிட்ட பிறகு 30 நிமிடமாவது படுக்க வைக்காதீர்கள்.

நான்காம் படி: எவ்வளவு கெட்டி என்று அளந்து பாருங்கள்

"கொஞ்சம் கெட்டியா" என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாகக் கரைப்பார்கள். இந்தக் குழப்பத்துக்காகவே உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவு முறை இருக்கிறது, பெயர் இட்ஸி (IDDSI). 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை, உணவுகளுக்கு 3 முதல் 7 வரை. வெறும் தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7.

பானத்தை அளக்க ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். 0-விலிருந்து 10 வரையான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் உள்ள சிரிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் அளவு அதற்கென்று வகுத்தது. உள்ளே தள்ளும் தண்டைக் கழற்றிவிட்டு, கீழ்த்துளையை விரலால் மூடி, பானத்தை 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 நொடி விட்டு மறுபடி மூடுங்கள். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவு என்றால் நிலை 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. எட்டுக்கு மேல் மிஞ்சினாலும் கொஞ்சமாவது வழிந்தால் நிலை 3. ஒன்றுமே வழியவில்லை என்றால் நிலை 4. அவர் குடிக்கும் சூட்டிலேயே அளக்க வேண்டும், ஏனென்றால் ஆறினால் கெட்டித்தன்மை மாறும்.

உணவுக்கு முள்கரண்டி. உணவுத் துண்டின் மேல் முள்கரண்டியை வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள், நகம் வெளுக்கும் அளவு அழுத்தம் போதும். துண்டு நசுங்கி, பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருந்தால் அது மிருதுதான். நிலை 5-ல் துண்டுகள் 4 மில்லிமீட்டருக்குள், அதாவது முள்கரண்டியின் இரண்டு முள்ளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் அடங்க வேண்டும். நிலை 6-ல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகலாம்.

கெட்டியாக்கும் பொடிகளில் இரண்டு வகை உண்டு. மாவுச்சத்தால் ஆனது நேரம் போகப் போக இறுகும், எச்சில் பட்டால் நீர்த்தும் போகும். பிசின் வகை ஏறக்குறைய அப்படியே நிற்கும். டப்பாவில் எது என்று படியுங்கள். மலச்சிக்கலுக்குத் தரும் பாலிஎத்திலீன் கிளைக்கால் மருந்தை மாவுச்சத்துப் பொடி போட்ட பானத்தில் கலந்தால், அந்தப் பானம் தண்ணீர் போல நீர்த்துவிடும். இது பலருக்குத் தெரியாது, ஆபத்தான சேர்க்கை.

மிருதுவாகத் தெரிந்தும் ஏமாற்றும் உணவுகள் இருக்கின்றன. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாய்ச் சூட்டில் தண்ணீராகிவிடும். காய்த்துண்டு மிதக்கும் சூப்பில் நீர் முதலில் ஓடிவிடும், துண்டு பின்தங்கும். இப்படி நீரும் திடமும் கலந்தவைதான் மிகக் கடினம். கடித்ததும் சாறு பீய்ச்சும் பழங்களும் இதே வகை. உலர்ந்து உதிரும் பிஸ்கட், கொட்டை வகைகள், பிசுபிசுவென்று ஒட்டும் பண்டங்கள் எல்லாம் சிகிச்சையாளர் அனுமதி தரும் வரை வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கெட்டிப் பானம் பலருக்குப் பிடிப்பதில்லை. அதனால் குறைவாகக் குடித்து உடம்பில் நீர் வற்றிவிடும். சிறுநீர் அடர் மஞ்சளானால், தலை சுற்றினால் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, உணவு வேளைகளுக்கு இடையில் மட்டும் வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாக அனுமதிக்கும் முறையும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது. கேட்டுப் பாருங்கள், பொருந்தினால் அவருக்கு அது பெரிய ஆறுதல்.

ஐந்தாம் படி: ஊட்டுவது

டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் அளவு, ஒரு நேரத்தில் ஒரு வாய். முடிந்தால் ஸ்பூனை அவரே பிடிக்கட்டும், நீங்கள் மணிக்கட்டைத் தாங்குங்கள். தன் கையால் வாய்க்குக் கொண்டுபோகும்போது மூளை முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி, ஸ்பூனை நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்து எடுத்தால் தலை பின்னால் போகும்.

குரல்வளை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். அது நடந்த பிறகும் "இன்னொரு தடவை விழுங்குங்கப்பா" என்று சொல்லுங்கள். பிறகு "ஆ" சொல்லச் சொல்லிக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கொழகொழவென்று வந்தால் நிறுத்தி, இருமச் சொல்லி, மறுபடி விழுங்கச் சொல்லி, திரும்பக் கேளுங்கள். வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். ஸ்ட்ராவும், உறிஞ்சும் மூடியுள்ள கப்பும் சிகிச்சையாளர் சரி என்றால் மட்டும்.

களைப்பு பெரிய எதிரி. முதல் பத்து வாய் நன்றாக விழுங்கியவர் இருபதாவது வாயில் தப்பவிடுவார். அரை மணி நேரத்துக்குள் முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, நாளுக்கு மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவது அன்பால்தான், தெரியும். நானும் கெஞ்சியிருக்கிறேன். அந்தக் கடைசி வாய்தான் பெரும்பாலும் சிக்கலில் போய் முடியும்.

மாத்திரை

எல்லா மாத்திரையையும் பொடித்துவிடக் கூடாது. மெல்ல மெல்ல மருந்தை விடும்படி செய்தவற்றைப் பொடித்தால் ஒரு நாள் அளவு முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். குடலில் கரையும்படி பூச்சுப் பூசியவையும் அப்படித்தான், பொடித்தால் பயனில்லை. எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டிய மருந்து அது, அதனால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். முழுப் பட்டியலையும் மருந்தாளுநரிடம் காட்டி, எது திரவமாகக் கிடைக்கும், எதை நிறுத்தலாம் என்று விசாரியுங்கள். தூக்க மருந்தும் வாயை உலர்த்தும் மருந்தும் விழுங்குவதையே மோசமாக்கும்.

உணவு செலுத்தும் குழாயோடு வீட்டுக்கு வந்தால்

மூக்குக் குழாயோ வயிற்றில் நேரடியாக வைத்த குழாயோ, அது சத்துக்காக மட்டும்தான். எச்சிலும் மேலே எதுக்களித்து வருவதும் நுரையீரலுக்குள் போவதை அது தடுக்காது. உணவு போகும்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். மூக்குக் குழாய் நழுவியிருந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், அதன் வழியாக எதையும் விடாதீர்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பவருக்கு, அந்தக் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனை ஊதி வைத்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு வாய்வழி எதுவும் சிகிச்சையாளர் முன்னிலையில்தான் தொடங்க வேண்டும்.

பயிற்சி

தசைக்குப் பயிற்சி தேவை. பலமாக அழுத்தி விழுங்குவது, மல்லாந்து படுத்துத் தோள் எழாமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்ப்பது, எதிர்ப்புள்ள கருவியில் ஊதுவது எனப் பல இருக்கின்றன. எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பயிற்சி என்று முடிவாகும். இதய நோய், கழுத்து வலி, கழுத்துத் துளை உள்ளவருக்குச் சில பயிற்சிகள் ஆகாது. வீடியோ பார்த்துத் தொடங்க வேண்டாம். நடக்க வைப்பது, உட்கார வைப்பது, போதுமான புரதம், இவையும் தொண்டைக்கான உதவிதான்.

உடனே கவனிக்க வேண்டியவை

சாப்பிடும்போது பேச முடியாமல், இருமவும் முடியாமல், கையால் கழுத்தைப் பிடித்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு ஒருவரை அழைக்கச் சொல்லிவிட்டு, அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். போகவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கை முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மயங்கி விழுந்தால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்த நேர்ந்திருந்தால், சரியாகிவிட்ட பிறகும் மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாக இருமிக்கொண்டிருப்பவரைத் தட்ட வேண்டாம், அவரே வெளியேற்றிவிடுவார். தண்ணீரும் கொடுக்காதீர்கள்.

நுரையீரல் தொற்று இப்படிச் சத்தமாக வராது. வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். திடீரென்று குழம்புவது, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், மூச்சு வேகம் கூடுவது, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சுத் திணறல், உதடு நீலமாவது என்றால் காத்திருக்கவே கூடாது.

ஒரு நோட்டு போடுங்கள்

ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி போதும்: நேரம், என்ன நிலை, எத்தனை ஸ்பூன், எவ்வளவு நேரம், இருமலா, குரல் எப்படி. வாரத்துக்கு ஒரு முறை ஒரே எடைக் கருவியில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ உள்ளவர் 3 கிலோ இழந்தால், உணவு போதவில்லை. அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அழையுங்கள்.

ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற்றுவது வீட்டில் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. அவர் நன்றாக இருக்கிறார் என்று தோன்றினால் நோட்டோடு போய் மறுபரிசோதனை கேளுங்கள். அப்பாவுக்கு ஏழாவது வாரம் இரண்டாவது வீடியோ எடுத்தார்கள். நிலை 2 பானத்திலிருந்து வெறும் தண்ணீருக்கு மாறலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்பூன்தான், உட்கார்ந்துதான், யாராவது கூட இருக்கும்போதுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலை அதே டம்ளரைக் கழுவி எடுத்து வந்து, பக்கத்தில் ஒரு டீஸ்பூனை வைத்தேன்.